கரையில் மூவர், கானகத்தில் இருவர்

எங்கள் பங்குக் கோயிலுக்கும் கடலுக்கும் இடையே இருநூறு அடி மணல்தான். மாலைச் செபமாலைக்கு மணி அடிக்கும்வரை அந்த மணலில் நடப்பது என் வழக்கம். கரையேற்றிய வள்ளங்களின் நிழலில் வலை பொத்துகிறவர்கள் அமர்ந்திருப்பார்கள். அவர்களுக்கு அப்பால் சிறுவர் கூட்டம். சென்ற மாதம் ஒரு மாலை, கடல் குளம்போல் அசையாமல் கிடந்தது. கையில் ஓட்டுச் சில்லுகளோடு இரண்டு சிறுவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வீசிய சில்லு தண்ணீர்மேல் ஆறு முறை தத்தியதாம். ஐந்துதான் என்று மற்றவன் சாதித்தான். "சாமி, நீங்களே சொல்லுங்க" என்று என்னிடம் வந்தார்கள். நான் பார்க்கவில்லை என்ற உண்மையைச் சொன்னேன். இருவருக்கும் அது பிடிக்கவில்லை.

அறைக்குத் திரும்பியதும், குருத்துவக் கல்லூரியில் படித்து நெடுநாள் தொடாதிருந்த ஒரு சிறு நூலைத் தேடி எடுத்தேன். ஏறத்தாழ ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் மினுசியுஸ் பெலிக்ஸ் என்ற கிறிஸ்தவ வழக்கறிஞர் இலத்தீனில் எழுதிய 'ஒக்தாவியுஸ்' என்னும் உரையாடல் அது. திருச்சபை வரலாற்று வகுப்பில் அதை 'விசுவாசக் காப்புரை' என்ற தலைப்பின்கீழ் படித்தோம். சமயத்திற்கு எதிரான குற்றச்சாட்டுகள் ஒருபுறம், விடைகள் மறுபுறம் என்று அட்டவணை போட்டு மனப்பாடம் செய்தோம். அந்நூல் ஒரு கடற்கரை உலாவில் தொடங்குகிறது என்பதும், அந்த உலாவில் சிறுவர்கள் சில்லு வீசுகிறார்கள் என்பதும் தேர்வுக்கு வராத செய்திகள். ஆகவே மறந்துபோயின.

நூலின் கதை எளியது. திராட்சை அறுவடைக் காலம்; உரோமை நீதிமன்றங்களுக்கு விடுமுறை. மினுசியுசைக் காண அவருடைய பழைய நண்பர் ஒக்தாவியுஸ் ஊரிலிருந்து வருகிறார். மனைவியையும், மழலை மாறாத பிள்ளைகளையும் விட்டுவிட்டு நண்பருக்காகவே வந்திருக்கிறார். இரண்டொரு நாள் முழுவதும் பிரிந்திருந்த காலத்துக் கதைகளைப் பேசித் தீர்க்கிறார்கள். பிறகு, கடல்நீராட்டு உடலுக்கு நல்லது என்று, திபேர் ஆறு கடலில் கலக்கும் ஒஸ்தியா நகருக்குப் போகிறார்கள். உடன் வருபவர் செசீலியுஸ். இவர் கிறிஸ்தவர் அல்லர். ஆனால் மினுசியுசின் வீட்டு மனிதரைப் போன்ற தோழர்.

விடியற்காலையில் மூவரும் கடலை நோக்கி நடக்கையில், வழியில் செராப்பிஸ் தெய்வத்தின் சிலை ஒன்றைக் காண்கிறார் செசீலியுஸ். ஒஸ்தியா துறைமுக நகரம்; எகிப்திலிருந்து தானியக் கப்பல்கள் வந்த வழியே எகிப்தின் தெய்வங்களும் வந்திருந்தன. செராப்பிசுக்கு அங்கே 127-ஆம் ஆண்டிலேயே கோவில் எழுந்துவிட்டது. செசீலியுஸ் வழக்கப்படி தம் கையை உதட்டில் வைத்து முத்தமிட்டுச் சிலைக்கு வணக்கம் செலுத்துகிறார். ஒக்தாவியுசுக்கு அது உறுத்துகிறது. செசீலியுசிடம் ஒன்றும் சொல்லாமல் மினுசியுசைக் கடிந்துகொள்கிறார். இவ்வளவு நெருங்கிய நண்பனைக் கல்லில் இடறவிட்டு நீர் எப்படி வாளாவிருக்கிறீர் என்பதே அவர் கேட்டதன் சாரம்.

இந்த இடத்தில் விவாதம் வெடித்திருக்க வேண்டும். வெடிக்கவில்லை. நடை தொடர்கிறது. ஈர மணல் காலடியில் மெத்தென்று அமுங்குவதையும், அலை வந்து பாதங்களை நனைத்துவிட்டுத் திரும்பி அடுத்த அலைக்குள் அடங்குவதையும் மினுசியுஸ் நிதானமாக எழுதிக்கொண்டு போகிறார். ஒக்தாவியுஸ் கடற்பயணக் கதைகள் சொல்கிறார். மரக்கட்டைகளின்மேல் ஏற்றி வைத்த படகுகளைத் தாண்டுகிறார்கள். அங்கேதான் சிறுவர்கள். அலைகளால் தேய்ந்து வழவழப்பான சில்லைத் தட்டையாகப் பிடித்து, குனிந்து, நீர்மட்டத்தை ஒட்டி வீசுகிறார்கள். யார் சில்லு அதிகத் தூரம் போய், அதிக முறை தத்தியதோ அவனே வென்றவன். ஆட்டத்தின் விதி முழுவதும் அந்நூலில் இருக்கிறது. எங்கள் ஊர்ச் சிறுவர்களிடம் கேட்டுப் பார்த்தேன். விதியில் ஓர் எழுத்து மாறவில்லை.

ஒக்தாவியுசும் மினுசியுசும் ஆட்டத்தில் மகிழ்கிறார்கள். செசீலியுஸ் மட்டும் சிரிக்கவில்லை. ஒதுங்கி, முகம் வாடி நிற்கிறார். என்ன என்று கேட்டபோதுதான், ஒக்தாவியுசின் சொல் தம்மைத் தைத்துவிட்டது என்கிறார். மினுசியுசைக் கடிந்தது போலத் தம்மை அறிவிலி என்று சொல்லிவிட்டாரே, இதைப் பேசித் தீர்த்தாக வேண்டும் என்கிறார். கடலுக்குள் நீண்டு கிடந்த கற்பாறைகளின்மேல் மூவரும் அமர்கிறார்கள். நடுவராக மினுசியுஸ் இடையில் உட்கார்கிறார்.

செசீலியுஸ் வைத்த குற்றச்சாட்டுகள் அந்நாளைய கிறிஸ்தவர்களைப் பற்றி ஊரார் பேசியவை. குழந்தைகளைக் கொன்று உண்கிறார்கள், கழுதைத் தலையை வணங்குகிறார்கள், வெளிச்சத்துக்கு அஞ்சி மூலைகளில் கூடுகிறார்கள் என்பன போன்ற பழிகள். இவற்றுக்கு ஒக்தாவியுஸ் தந்த விடைகளைத்தான் அன்று மனப்பாடம் செய்தோம். ஆனால் இம்முறை படித்தபோது என்னை நிறுத்தியது வேறொன்று. கிறிஸ்தவர்கள் எந்த இன்பத்திலும் கலந்துகொள்வதில்லை, விழா இல்லை, பொது விருந்து இல்லை, தலையில் பூ இல்லை, உயிரோடிருந்தும் வாழாதவர்கள் என்று செசீலியுஸ் இரங்குகிறார். குழந்தைக்கொலைப் பழியைவிட இது நுட்பமான குற்றச்சாட்டு. ஏனெனில் இதில் பாதி உண்மை இருந்தது, இன்றும் இருக்கிறது.

ஒக்தாவியுஸ் இதற்குச் சொன்ன விடை சுவையானது. வசந்த கால மலர்களை நாங்களும் பறிக்கிறோம், ரோசாவும் லீலியும் எங்களுக்கும் உண்டு, கழுத்தில் மாலையாகவும் அணிகிறோம். தலையில் மட்டும் சூடுவதில்லை, ஏனென்றால் நாங்கள் மணத்தை மூக்கால் முகர்கிறோமே தவிர மயிரால் அல்ல என்கிறார். கொண்டையில் பூச்சூடும் நம் தாய்மார் இதை ஒப்பமாட்டார்கள். அவர்களுக்காக நான் வாதாடப் போவதில்லை. உலகத்தை வெறுத்தவரின் பேச்சு இதுவல்ல என்பதே எனக்குத் தேவையானது. விடுமுறையில் கடலாடப் போன ஒருவர், மணலில் நடந்து களைத்து, பாறைமேல் அமர்ந்து, தம் நண்பரிடம் பேசுகிற பேச்சு இது.

முடிவில் நடுவர் தீர்ப்பே சொல்லவில்லை. தேவை எழவில்லை. செசீலியுஸ் தாமாகவே தோல்வியை ஒப்புக்கொண்டு, ஒக்தாவியுஸ் என்னை வென்றார், நான் என் தவற்றை வென்றேன், ஆகவே இருவருமே வென்றோம் என்ற பொருளில் பேசுகிறார். பொழுது சாய்ந்துவிட்டதால் மீதியை நாளை பேசலாம் என்று எழுகிறார்கள். மூவரும் மகிழ்ச்சியோடு திரும்பினர் என்று நூல் முடிகிறது. மினுசியுஸ் இதை எழுதியபோது ஒக்தாவியுஸ் உயிரோடில்லை. இறந்த நண்பரின் நினைவாகவே எழுதுகிறேன் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறார். சமயத்துக்காக வாதாடிய நூல் என்று நாங்கள் படித்தது, ஒரு நண்பருக்காகக் கடைப்பிடித்த துக்கமும் ஆகும்.

இது எந்த ஆண்டில் எழுதப்பட்டது என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. 197-ஆம் ஆண்டையொட்டித் தெர்த்துல்லியான் எழுதிய காப்புரைக்கு இது முந்தியதா, பிந்தியதா என்பதே அந்த வழக்கு. நூல் நம் கைக்கு வந்த விதமும் வேடிக்கையானது. அர்னோபியுஸ் என்பவர் எழுதிய ஏழு பகுதிகள் கொண்ட நூலின் 9-ஆம் நூற்றாண்டுக் கையெழுத்துப்படி ஒன்றில், எட்டாம் பகுதியாக இது சேர்ந்து கிடந்தது. இலத்தீனில் 'ஒக்தாவுஸ்' என்றால் எட்டாவது. 'ஒக்தாவியுஸ்' என்ற மனிதப் பெயரை எவரோ எண்ணாகக் கொண்டுவிட்டார். 1543-இல் உரோமையில் அச்சேறியபோதும் எட்டாம் பகுதியாகவே வந்தது. 1560-இல் பிரான்சுவா போதுவேன் என்ற சட்ட அறிஞர்தாம் உண்மையைக் கண்டறிந்து, ஐடெல்பெர்க் நகரில் தனி நூலாகப் பதிப்பித்தார்.

மினுசியுஸ் இந்தக் கடற்கரைக் காட்சியைப் புதிதாகக் கண்டுபிடித்தார் என்று எண்ண வேண்டாம். உரோமையரின் ஓய்வு ஒரு கலையாகவே வளர்ந்திருந்தது. ஓய்வுக்கு இலத்தீனில் 'ஓத்சியும்' என்று பெயர். அலுவலைக் குறிக்கும் 'நெகோத்சியும்' அதிலிருந்து பிறந்த சொல். ஓய்வின்மை என்று பொருள். ஓய்வே மனிதனின் இயல்பு நிலை, அலுவல் அதன் குறைவு என்று எண்ணியவர்களின் மொழி அது. நாமோ 'பொழுதுபோக்கு' என்கிறோம்; பொழுது என்பது எப்படியாவது போக்கித் தொலைக்க வேண்டிய ஒன்று என்பது போல. ஒஸ்தியாவை அடுத்த இலவுரெந்தும் கடற்கரையில், உரோமையிலிருந்து 17 மைல் தொலைவில், இளைய பிளினி என்ற பெருமகனுக்கு ஒரு மாளிகை இருந்தது. அலையோசை கேட்கும் உணவுக்கூடத்தையும், விறகு தரும் பக்கத்துக் காட்டையும் அவர் தம் கடிதத்தில் ஆசையோடு வருணிக்கிறார். வேறொரு கடிதத்தில் காட்டுப் பன்றி வேட்டைக்குப் போன கதை வருகிறது. ஈட்டிக்குப் பதிலாக எழுத்தாணியோடு வலையோரம் உட்கார்ந்திருந்தாராம். மூன்று பன்றிகள் தாமே வந்து விழுந்தனவாம். கானகத்தின் அமைதியில் சிந்தனை நன்றாக ஊறுகிறது என்று நண்பருக்குப் பரிந்துரைக்கிறார்.

இதே பிளினிதான், 112-ஆம் ஆண்டையொட்டிக் கருங்கடற்கரை மாநிலமான பித்தினியா-பொந்துவின் ஆளுநராக இருந்தபோது, மறுதலிக்க மறுத்த கிறிஸ்தவர்களைக் கொல்ல ஆணையிட்டவர். சபையில் பணிபுரிந்த இரு அடிமைப் பெண்களை வதைத்து விசாரித்ததாகப் பேரரசருக்கே எழுதியவர். கடலின் அழகையும் காட்டின் அமைதியையும் நுகரத் தெரிவதனாலேயே ஒருவன் நல்லவனாகிவிடுவதில்லை. அந்த ஓய்வில் நம் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், அவரோடு நாம் எப்படி இருக்கிறோம் என்பதுதான் கேள்வி. செராப்பிசுக்கு முத்தமிட்டவரும் அதைக் கண்டு வருந்தியவரும் ஒரே மணலில் பகல் முழுவதும் இருந்தார்கள். ஒருவரும் எழுந்து போகவில்லை.

புனித அகுஸ்தீனாரும் திராட்சை அறுவடை விடுமுறையில்தான் தம் பேராசிரியர் பணியிலிருந்து ஒதுங்கினார் என்பதை இங்கே குறிப்பிட வேண்டும். 386-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் வெரெக்குந்துஸ் என்ற நண்பர் தம் நாட்டுப்புற வீட்டைக் கொடுத்தார். தாய் மோனிக்கா, மகன் அதெயோதாத்துஸ், நண்பர் அலீப்பியுஸ், மாணவர் சிலர் எனக் கசிசியாக்கும் என்ற அவ்விடத்தில் குடியேறினார்கள். வானம் வெளுத்திருந்தால் புல்வெளி மரத்தடியில் விவாதம்; மழையென்றால் குளியலறைக் கட்டடத்தில். உதிர்ந்த இலைகள் வாய்க்காலை அடைத்ததால் இரவில் நீரோசை விட்டுவிட்டுக் கேட்க, அதிலிருந்தே உலகின் ஒழுங்கைப் பற்றிய நூல் ஒன்று பிறந்தது. லிச்சென்சியுஸ் என்ற மாணவன் கழிப்பறையில் திருப்பாடலை உரக்கப் பாடி, மோனிக்கா அம்மையாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் அங்கேதான். அடுத்த ஆண்டு, 387-இல், அந்த அம்மையார் ஒஸ்தியாவில் இறந்தார். 1945-இல் அங்கே கோயில் முற்றம் ஒன்றில் விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய இரு சிறுவர்களின் கையில் ஒரு பளிங்குத் துண்டு கிடைத்தது. மோனிக்காவின் கல்லறை எழுத்து அது. ஒஸ்தியாவின் கதையில் சிறுவர்கள் மறுபடியும் வருகிறார்கள். மினுசியுஸ் நடந்த கரை இன்று இல்லை. ஆறு கொணர்ந்த மண்ணால் கடல் ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது.

கடற்கரையை விட்டுக் கானகத்துக்கு வருவோம். ஒஸ்தியாவில் ஒரு நாள் நடந்ததை ஆண்டுக் கணக்கில் நடத்திப் பார்க்க விரும்பிய இருவர் நான்காம் நூற்றாண்டில் இருந்தார்கள். கப்பதோக்கியா நாட்டுப் பசிலியாரும் நசியான்சு நகர்க் கிரகோரியாரும் ஏறத்தாழ ஒரே வயதினர். ஏதென்சில் ஒன்றாகப் படித்தபோது, படிப்பு முடிந்ததும் சேர்ந்து வாழ்வோம் என்று ஒருவருக்கொருவர் வாக்குக் கொடுத்தார்கள். படிப்பு முடிந்தது. கிரகோரியாருக்கு முதிய பெற்றோரை விட்டு வர முடியவில்லை. பசிலியார் எகிப்து, சிரியா என்று துறவியரைத் தேடிச் சென்று திரும்பி, 358-ஆம் ஆண்டையொட்டிப் பொந்து நாட்டில், இரிஸ் ஆற்றங்கரையில், தம் குடும்பத்துக்குரிய அன்னேசிக்கு எதிரே ஒரு காட்டில் தங்கினார். அந்த ஆற்றுக்கு இன்று துருக்கி மொழியில் பச்சை ஆறு என்று பொருள்படும் பெயர்.

அங்கிருந்து கிரகோரியாருக்கு அவர் எழுதிய கடிதம் கிரேக்க இலக்கியத்தில் புகழ்பெற்ற இயற்கை வருணனைகளுள் ஒன்று. அடர்ந்த காடு போர்த்திய உயர்ந்த மலை; அதன் வடபுறம் குளிர்ந்த தெளிந்த ஓடைகள்; பலவகை மரங்கள் வேலி போட்டதுபோல் சூழ்ந்த சமவெளி; பக்கங்களில் ஆழ்ந்த பள்ளத்தாக்குகள்; உள்ளே வர ஒரே வழி. பாறையில் மோதிச் சுழித்து வீழும் ஆறு மீன்களால் நிறைந்தது. மலர்களையும் பறவைகளையும் வேறு யாராவது வியக்கட்டும், எனக்கு நேரமில்லை, எல்லாவற்றிலும் இனியது இங்குள்ள அமைதி என்கிறார். வேட்டைக்காரரைத் தவிர எவரும் வருவதில்லை; மானும் காட்டாடும் முயலும் உண்டு. கூடவே ஒரு குத்தல்: உன் ஊர்ப்பக்கம்போல் கரடியும் ஓநாயும் இங்கே இல்லை.

கிரகோரியார் போனார்; தங்கினார்; திரும்பிவந்து எழுதிய கடிதங்களில் நண்பரைக் கிண்டலால் துவைத்தெடுத்தார். வெயில் புகைபோக்கி வழியாக வருவதுபோல் எட்டிப் பார்க்கும் இடமாம். ஆற்றில் மீனைவிடக் கல்லே அதிகமாம். அதன் இரைச்சலில் திருப்பாடலே கேட்காதாம். குடிசைக்குக் கூரையுமில்லை, கதவுமில்லை, அடுப்பில் நெருப்பில்லை. ரொட்டியைக் கடித்தால் பல் வழுக்குமாம். காய்கறியே விளையாத தோட்டத்துக்கு இருவரும் எருச் சுமந்தார்களாம். வண்டியைக் கழுத்தில் பூட்டி இழுத்த தழும்பு இன்னும் ஆறவில்லையாம். பசிலியாரின் தாய் எம்மேலியா மட்டும் காலத்தில் வந்து உதவியிராவிட்டால் பட்டினியால் செத்திருப்போம் என்கிறார். துறவியரின் தோட்டத்தைக் காப்பாற்றியது ஓர் அம்மாவின் சோற்றுக்கூடை என்று அறிய ஆறுதலாக இருக்கிறது.

அடுத்த கடிதத்தில் குரல் மாறுகிறது. முன்பு எழுதியது விளையாட்டுக்கு, இப்போது எழுதுவது உண்மை என்று தொடங்கி, அந்த நாள்களை யார் திருப்பித் தருவார் என்று ஏங்குகிறார். சேர்ந்து பாடிய திருப்பாடல்கள், விழிப்பிருந்த இரவுகள், விவிலியத்தைப் படித்துக் கண்ட ஒளி ஆகியவற்றோடு விறகு பொறுக்கியது, கல் உடைத்தது, நாற்று நட்டது, நீர் பாய்ச்சியது என்று ஒவ்வொன்றாக எண்ணுகிறார். தாம் நட, பசிலியார் நீரூற்றிய ஒரு மரம் அந்தப் பட்டியலில் வருகிறது. கிண்டல் செய்த அதே வேலைகள்தாம். நண்பனோடு செய்ததால் அவை ஓய்வாயின. தனியே எண்ணிப் பார்க்கையில் இழப்பாயின.

அதே ஆற்றங்கரைக் காட்டில் பசிலியாரின் தம்பி நவுக்ராத்தியுஸ் அவருக்கு முன்பே வாழ்ந்திருந்தார். இருபத்திரண்டு வயதில் பேச்சுக்கலையின் புகழை உதறிவிட்டு, கிறிசாப்பியுஸ் என்ற வேலையாளைத் தோழனாக அழைத்துக்கொண்டு காட்டுக்குப் போனவர். வேட்டையாடியும் மீன் பிடித்தும், ஆதரவற்ற முதியோர் சிலருக்கு உணவளித்தார். ஐந்தாம் ஆண்டில் ஒரு நாள் வேட்டைக்குப் போன இருவரும் பிணமாக வீட்டுக்குக் கொண்டுவரப்பட்டனர். வலை பாறையில் சிக்க, அதை விடுவிக்கப் போய் ஆற்றில் மூழ்கினார் என்று கிரகோரியாரின் கல்லறைப் பாக்கள் கூறுகின்றன. மீன் நிறைந்த ஆறு என்று நண்பருக்கு எழுதிய பசிலியார், அக்கடிதத்தில் தம் தம்பியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கடலோரத்தில் வாழ்கிற எனக்கு இந்த மௌனம் புரிகிறது. மகனைக் கொண்டுபோன கடலை எங்கள் ஊர்த் தாய்மார் ஒருவரும் ஏசுவதில்லை. மறுநாளும் அதன் கரையில்தான் மீன் காய வைக்கிறார்கள்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். பசிலியார் காட்டை விட்டு வந்தார். 369-ஆம் ஆண்டின் பஞ்சத்தில் செசரியா மக்களுக்குக் கஞ்சி ஊற்றினார். 370-இல் அந்நகரின் ஆயரானார். நகருக்கு வெளியே நோயாளருக்கும் ஏழைகளுக்கும் ஒரு பெரும் இல்லம் எழுப்பினார். கல்நெஞ்சர் அல்லர். பேரரசர் வாலென்ஸ் ஆரியக் கொள்கையினருக்குத் துணைநின்று, கப்பதோக்கியாவையும் இரண்டாகப் பிரித்தபோது, தியானா நகரின் ஆயர் அந்திமுஸ் பாதி மறைமாவட்டங்கள் தமக்குரியவை என்றார். எல்லையில் தமக்கு நம்பகமானவர்களை நிறுத்த வேண்டிய நெருக்கடி பசிலியாருக்கு. 372-இல் தம் சொந்தத் தம்பியை நிசாவுக்கு ஆயராக்கினார். நண்பர் கிரகோரியாரைச் சாசிமா என்ற இடத்துக்கு ஆயராகத் திருநிலைப்படுத்தினார்.

சாசிமா ஒரு சாலைச் சந்திப்பு. நீரில்லை, பச்சையில்லை, புழுதி, வண்டிச் சத்தம், வரி தண்டுவோர், விலங்கு, வழிப்போக்கர் என்று கிரகோரியார் தம் வாழ்க்கைப் பாடலில் அதைக் கசந்து வருணிக்கிறார். அன்னேசிக் காட்டின் ஒவ்வோர் அழகுக்கும் எதிர்ப்பதம் தேடி வைத்ததுபோன்ற இடம். பன்றிக்குட்டிக்கும் கோழிக்கும் அந்திமுசோடு மல்லுக்கட்ட என்னை ஏன் அனுப்புகிறீர் என்ற பொருளில் பசிலியாருக்கே எழுதினார். அங்கே போய்ப் பணியாற்றவும் இல்லை. இருவரும் பகைவராகிவிடவில்லை, கடிதங்கள் தொடர்ந்தன. ஆயினும் அந்தப் பழைய கிண்டல் பிறகு திரும்பவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பசிலியாரைக் குறைகூற எனக்கு உரிமை இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு மறைவட்டத்தின் பொறுப்பு என்னிடம் இருந்தது. குருத்துவக் கல்லூரியில் வியாழன் விடுமுறைதோறும், எட்டு ஆண்டுகள், என்னோடு நடந்த ஒரு நண்பர் உண்டு. மலையடிவாரக் காடு, அணைக்கட்டு, சில நேரம் பேருந்தேறிக் கடற்கரை. கிழங்கும் கருவாடும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு போவோம். இறைத்திருவருள் பற்றிய பாடத்தை ஓர் ஓடைக்கல்லில் அமர்ந்துதான் அவர் எனக்கு விளங்க வைத்தார். வகுப்பில் எனக்கு அது விளங்கியதில்லை. வாரத்தில் இரு நாள் லாரியில் தண்ணீர் வரும் ஒரு பங்கில், உட்பூசலால் எவரும் நிலைக்காத ஒரு பங்கில், யாரை வைக்கலாம் என்று கூட்டத்தில் கேட்டபோது அவர் பெயரை முதலில் சொன்னவன் நான். "அவர் மறுக்கமாட்டார்" என்று காரணமும் சொன்னேன். நட்பினால் மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த செய்தி அது. அவர் மறுக்கவில்லை. அந்தப் பங்கைச் சீராக்கியும் காட்டினார். அதன்பின் என்னோடு நடக்க வரவில்லை.

379 சனவரி முதல் நாள் பசிலியார் இறந்தார். நோயுற்றிருந்த கிரகோரியார் அடக்கத்துக்குப் போக இயலவில்லை. அவர் கொன்ஸ்தாந்திநோபிளுக்குச் சென்று, 381-ஆம் ஆண்டின் பொதுச்சங்கத்துக்குத் தலைமை தாங்கி, சலித்துப் பதவி விலகி, ஊர் திரும்பினார். பிறகுதான், நண்பர் இறந்து ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கழித்து, பசிலியாருக்கான நீண்ட புகழுரையை ஆற்றினார். ஏதென்சு நாள்கள் அதில் ஒளிவீசுகின்றன. சாசிமாவையும் அவர் மறைக்கவில்லை. பசிலியாரின் செயல்களில் இதை ஒன்றை மட்டும் என்னால் புகழ முடியவில்லை, அந்த வலி இன்னும் இருக்கிறது என்று கல்லறையின் முன்னிலையிலும் சொல்லிவிடுகிறார். இறுதி நாள்களை அரியான்சுசில் தம் தோட்டத்து நிழலில் கழித்து, 390-ஆம் ஆண்டையொட்டி இறந்தார்.

உரோமைத் திருவழிபாட்டு நாள்காட்டியில் கிரகோரியாரின் விழா மே 9 அன்றும், பசிலியாரின் விழா சூன் 14 அன்றும் தனித்தனியே இருந்தன. 1969-ஆம் ஆண்டின் சீர்திருத்தம் இருவரையும் சனவரி 2 என்ற ஒரே நாளில் சேர்த்து வைத்தது. அன்று திருப்புகழ்மாலையில் குருக்கள் அனைவரும் படிக்கும் வாசகம் அந்தப் புகழுரையிலிருந்து எடுக்கப்பட்டது. நானும் ஆண்டுதோறும் படிக்கிறேன். இருபது கல் தொலைவில் என் நண்பரும் அதே காலையில் அதையே படிக்கிறார். வாசகம் ஏதென்சோடு நின்றுவிடுகிறது. சாசிமா அதில் இல்லை.